ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம்: பார்க்க, பருக, வாங்க, பேண ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷங்களாக அறிவித்துள்ள கலைப்பொருள்களில் தேநீர்க் கிண்ணங்கள் எட்டே எட்டு. அவற்றுள் ஐந்து சீனாவில் வனையப்பட்டவை. ஒன்று கொரியாவில் வனையப்பட்டது. ஜப்பானிய மண்ணில் பிறந்தவை இரண்டுதான். தன் மண்பாண்டக் கலையைப் பற்றிப் பெருமிதம் கொள்ளும் ஒரு நாடு, அதன் மிக உயர்ந்த மரியாதையில் முக்கால் பங்கை அயல்நாட்டுச் சூளைகளுக்கு அளித்திருப்பது முதலில் வியப்பாகவே இருக்கும். கிண்ணத்தை வனைந்த கை யாருடையது என்பதற்கு இணையாக, பல வேளைகளில் அதற்கும் மேலாக, தேநீருக்கு இது தகும் என்று அதைத் தேர்ந்தெடுத்த கண் யாருடையது என்பதற்கு அங்கே மதிப்பு உண்டு என்பதை அறிந்தால் அந்த வியப்பு நீங்கிவிடும். அந்தக் கண்ணை ஓரளவேனும் பழக்கிக்கொள்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சிறு குறிப்பு. இக்கிண்ணத்தின் ஜப்பானியப் பெயரை ஒலிப்புக்கேற்பத் தமிழில் எழுதினால் அது ஒருவருக்குச் சாபமிடுவதுபோல் ஆகிவிடும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் கிண்ணம் என்ற நம் சொல்லையே பயன்படுத்துகிறேன். தேநீர்ச் சடங்கு என்று நாம் சொல்வதையும் ஜப்பானியர் ‘சனோயு’ என்றே எளிமையாகச் சொல்கிறார்கள். தேநீருக்கான வெந்நீர் என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் இல்லை.

முதற்படி: எட்டுக் கிண்ணங்களின் வழியே வரலாற்றை அறிதல்

இன்று மாட்சா எனப்படும் தூள் தேயிலையை வெந்நீரில் கடைந்து பருகும் வழக்கம் சீனாவின் சோங் அரசர் காலத்தில் செழித்திருந்தது. எய்சாய் என்ற ஜென் துறவி 1191இல் சீனாவிலிருந்து திரும்பியபோது இவ்வழக்கம் ஜப்பானில் வேரூன்றத் தொடங்கியது. தேநீரின் மருத்துவப் பயன்களை விளக்கி 1211இல் அவர் ஒரு நூலும் எழுதினார். துறவிகளின் வழியே வந்த கருநிறச் சீனக் கிண்ணங்களை ஜப்பானியர் ‘தெம்மோகு’ என்று அழைத்தனர். தேசியப் பொக்கிஷங்களான ஐந்து சீனக் கிண்ணங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மூன்று, உட்புறக் கருமையில் நீலமும் ஊதாவும் சூழ்ந்த புள்ளிகள் விண்மீன்கள்போல் மின்னும் ‘யோஹென்’ கிண்ணங்கள். புஜியான் மாநிலத்து ஜியான் சூளைகளில் உருவான அம்மூன்றும் இன்று முறையே தோக்கியோவிலும் ஒசாகாவிலும் கியோத்தோவிலும் பாதுகாக்கப்படுகின்றன.

பதினைந்தாம் நூற்றாண்டு வரை, உயர்குடியினரின் தேநீர் விருந்து என்பது இத்தகைய விலைமதிப்பற்ற சீனப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் நிகழ்ச்சியாகவே பெரும்பாலும் இருந்தது. முராதா ஜுகோ (1423–1502) என்பவர்தாம் உள்நாட்டுச் சூளைகளின் சொரசொரப்பான கலங்களையும் சீனக் கலங்களுக்கு இணையாகத் தேநீர் அறைக்குள் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தை விதைத்தவர். அவ்வழியைத் தாகேனோ ஜோஓ (1502–1555) விரிவாக்கினார். சென் நோ ரிக்யூ (1522–1591) அதை அதன் எல்லை வரை கொண்டுசென்றார். எளிமையையும் அடக்கத்தையும் நிறைவின்மையையும் விரும்பித் தேர்ந்துகொள்ளும் இந்த மனநிலைக்கு ‘வாபி’ என்று பெயர். ஜோஓவும் ரிக்யூவும் சாக்காய் என்ற துறைமுக நகரத்து வணிகர் குடியினர் என்பதை மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாங்கக்கூடியவர் வேண்டுமென்றே எளியதைத் தேர்ந்தெடுப்பதுதான் வாபி. வேறு வழியற்ற வறுமையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பது கொரியக் கிண்ணம். ‘ஈதோ’ என்ற வகையைச் சேர்ந்த அது, பழைய உரிமையாளரான ஒசாகா வணிகரின் பெயரால் ‘கிசாஎமோன்’ என்று வழங்கப்பட்டு, இன்று கியோத்தோவின் தைதோகுஜி மடத்தைச் சேர்ந்த கோஹோவான் கோயிலில் இருக்கிறது. ஏறத்தாழ 15 செ.மீ. விட்டமும் 9 செ.மீ. உயரமும் உடைய அதில் ஓவியம் இல்லை, வேலைப்பாடு இல்லை. விரைந்து சுழன்ற சக்கரத்தில் குயவரின் விரல் சென்ற தடம் அப்படியே நிற்கிறது. இவ்வகைக் கிண்ணங்கள் கொரியாவில் எந்தப் புழக்கத்துக்காகச் செய்யப்பட்டன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தூள் தேயிலையைக் கடைவதற்காக அவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஜப்பானியத் தேநீர் வல்லுநர்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை. கிசாஎமோன் கிண்ணத்தை வைத்திருப்பவருக்கு உடம்பில் கட்டிகள் வரும் என்றொரு நம்பிக்கையும் நெடுநாள் நிலவியது. மாட்சுதைரா ஃபுமாய் என்ற சிற்றரசர் அதை உயிராகப் போற்றினார் என்றும், அவர் காலத்துக்குப் பின் அஞ்சிய குடும்பத்தார் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

எஞ்சிய இரண்டு ஜப்பானியக் கிண்ணங்களுள் ஒன்று மினோ பகுதியில் உருவான ‘உனோஹனகாக்கி’ என்ற ஷினோ கிண்ணம். மற்றொன்று ஹோனாமி கோஎட்சு (1558–1637) கையால் வனைந்த ‘ஃபுஜிசான்’ என்ற ராகு கிண்ணம். ஷினோ, ராகு ஆகிய வகைகளை மூன்றாம் படியில் காண்போம். கோஎட்சு தொழில்முறைக் குயவர் அல்லர். வாள்களை மதிப்பிட்டு மெருகேற்றும் குடும்பத்தில் பிறந்த எழுத்தோவியர்.

இரண்டாம் படி: கிண்ணத்தைப் படிக்கும் வரிசை

கிண்ணத்தைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அதைத் தரையிலேயே விட்டுவிட்டு, சற்று விலகியிருந்து முழு உருவத்தையும் நோக்க வேண்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு முகப்பு உண்டு. ஓவியம் இருந்தால் அது இருக்கும் பக்கம் முகப்பு. இல்லையென்றால் மெருகு, அதாவது மண்ணின்மேல் பூசிச் சுட்ட கண்ணாடி போன்ற பூச்சு, வழிந்த அழகோ, தீயின் நாக்கு தீண்டிய சிவப்போ, வளைவின் நயமோ எந்தப் பக்கத்தில் உயிர்ப்புடன் இருக்கிறதோ அதையே முகப்பாகக் கொள்வார்கள். இதைச் செய்தவரே சொல்லியிருக்கலாம். பின்னால் வந்த உரிமையாளரும் தீர்மானித்திருக்கலாம்.

அடுத்து விளிம்பு. உதடு படும் இடம் அதுவே. ராகு கிண்ணங்களின் விளிம்பு மெல்லிய மேடுபள்ளங்களோடு மலைத்தொடர்போல் ஏறி இறங்கும். சற்றே உள்நோக்கி மடிந்திருப்பதால் தேநீரின் சூட்டையும் மணத்தையும் உள்ளே நிறுத்தும். விளிம்பைக் கடந்து உட்புறத்தை நோக்கும்போது, அடியில் தேநீர் கடைசியாகத் தங்கும் சிறு குழிவு ஒன்று தென்படும். பருகி முடித்தபின் சில பசுந்துளிகள் அங்கே ஒதுங்கி நிற்பதும் காட்சியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. உட்புறம் தேநீரைக் கடையும் மூங்கில் கடைகோல் அசைவதற்குப் போதிய அகலமாக இருக்கிறதா என்பதையும் இங்கேயே கவனிக்க வேண்டும். அழகிய பல கிண்ணங்கள் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன.

பிறகே கையில் எடுக்க வேண்டும். எடையைக் கண் முன்கூட்டியே கணித்திருக்கும். கை அதை ஆமோதிக்கிறதா, மறுக்கிறதா என்று பாருங்கள். பெரிதாகத் தோன்றும் கிண்ணம் கைக்கு இலேசாகவோ, சிறியது எதிர்பாராத கனத்தோடோ இருந்தால், குயவர் மண்ணை எங்கே விட்டுவைத்தார், எங்கே சீவி எடுத்தார் என்ற கேள்வி எழும். அதற்கு விடை அடிப்பகுதியில் இருக்கிறது.

கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அடியில் உள்ள பாதவளையம்தான் குயவரின் கையெழுத்து. மெருகு பெரும்பாலும் அதன்மேல் படிவதில்லை என்பதால் மண்ணின் உண்மையான நிறமும் மணற்பதமும் அங்கேதான் தெரியும்; குயவர் பாதவளையத்தை ஒரே மூச்சில் சீவினாரா, தயங்கித் தயங்கித் திருத்தினாரா என்பதும் அங்கேதான் தெரியும். ஈதோ கிண்ணங்களின் பாதம் மூங்கில் கணுபோல் இடையில் புடைத்திருக்கும். அதைச் சுற்றி மெருகு சுருங்கித் திரண்டு மணிமணியாக உறைந்திருக்கும். சூளையில் மெருகு முழுமையாக உருகாமல் போனதால் ஏற்பட்ட இக்குறையைத் தேநீர் வல்லுநர்கள் திருக்கை மீன் தோலுக்கு ஒப்பிட்டு ‘கைராகி’ என்று பெயரிட்டுப் போற்றினார்கள். ஹாகி என்ற ஊரின் கிண்ணங்கள் சிலவற்றின் பாதவளையத்தில் வேண்டுமென்றே ஒரு வெட்டு விடப்பட்டிருக்கும்.

கோணலாக இருப்பதெல்லாம் அழகு என்று எண்ணிவிடுவது தொடக்கநிலையில் பலரும் செய்யும் பிழை. இணையக் கடைகள் வாபி என்ற சொல்லை எந்தக் கோணல் கிண்ணத்தின்மீதும் ஒட்டி விற்கின்றன. கிசாஎமோனின் குயவர் கோணலைத் தேடவில்லை. விரைவாகவும் பழகிய கையோடும் பணிபுரிந்தபோது வந்ததை விட்டுவைத்தார். மறுபுறம், வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட கிண்ணங்களுக்கும் உயர்ந்த மரபு உண்டு. ரிக்யூவின் சீடரான படைத்தலைவர் ஃபுருத்தா ஓரிபே 1599இல் நடத்திய விருந்தில் பயன்படுத்திய கிண்ணத்தை, ஹாகாத்தா வணிகர் காமியா சோதான் தம் தேநீர்க் குறிப்பில் கோணலானது, வேடிக்கையானது என்று பதிந்திருக்கிறார். முதல்வகை தற்செயல், இரண்டாவது துணிச்சல். இரண்டுமல்லாமல் கோணலை அலங்காரமாக ஒட்டவைக்கும் மூன்றாவது வகையைத்தான் கண்டுகொள்ளப் பழக வேண்டும்.

மூன்றாம் படி: குலங்களை இனம் காணுதல்

‘முதலாவது ராகு, இரண்டாவது ஹாகி, மூன்றாவது கராட்சு’ என்று தேநீர் உலகில் ஒரு வாய்மொழி உண்டு. ராகுவுக்குப் பதில் ஈதோவை முதலில் வைத்துச் சொல்லும் வேறொரு வடிவமும் இருப்பதால், இதைத் தரவரிசையாக எடுத்துக்கொள்ளாமல் அறிமுகப் பட்டியலாகக் கொள்வதே நல்லது.

ராகுவின் கதை தனித்தது. ரிக்யூவின் வழிகாட்டுதலில், 1580களில், சோஜிரோ (மறைவு 1589) என்ற கைவினைஞர் தேநீருக்காகவே வனைந்த கிண்ணங்கள் அவை. மற்ற கிண்ணங்களுள் பல, வேறு இடத்தில் பிறந்து இந்தத் தேநீர் அறைக்கு வந்தவை. இவையோ உள்ளங்கை, உதடு, கடைகோல் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துப் பிறந்தவை. இவற்றை வனையச் சக்கரம் பயன்படுவதில்லை. தட்டையாகத் தட்டிய களிமண்ணின் ஓரங்களை இரு கைகளாலும் மெல்ல உயர்த்தி, குவிந்த உள்ளங்கைகளின் வடிவையே அதற்குக் கொடுத்து, பாதி உலர்ந்தபின் கத்தியால் சீவி இறுதி உருவம் தருகிறார்கள். கருநிற மெருகுக்குக் கியோத்தோவின் காமோ ஆற்றுக் கல்லை அரைத்துப் பயன்படுத்துவது மரபு. சிறு சூளையில், துருத்தியால் ஊதிக் கனலவிட்ட கரியின் நடுவே சுட்டு, மெருகு உருகிய கணத்தில் தகதகக்கும் கிண்ணத்தை இடுக்கியால் பற்றி வெளியே எடுத்துவிடுவார்கள். திடீரெனக் குளிர்வதாலேயே அந்த ஆழ்ந்த கருமை உண்டாகிறது. பல கருநிறக் கிண்ணங்களின் பக்கவாட்டில் இடுக்கியின் தடம் தழும்பாக நிற்பதைக் காணலாம். செந்நிற ராகு இதனினும் குறைந்த வெப்பத்தில் சுடப்படுகிறது.

ராகு என்ற பெயர் ஆட்சியாளர் தோயோதோமி ஹிதேயோஷி கியோத்தோவில் கட்டிய ஜுராகுதாய் மாளிகையோடு தொடர்புடையது. பின்னர் அதுவே குடும்பப் பெயராயிற்று. 2019இல் பதினாறாம் தலைமுறையினர் பொறுப்பேற்றார். பாட்டனும் முப்பாட்டனும் தேடிச் சேமித்த மண்ணைப் பேரன் வனைவதும், தான் சேமிப்பதைப் பின்வரும் தலைமுறைக்கு விட்டுச்செல்வதும் அக்குடும்பத்தின் வழக்கம். கியோத்தோவிலுள்ள ராகு அருங்காட்சியகம் குறிப்பிட்ட நாள்களில், முன்பதிவு செய்தவர்களைக் கிண்ணங்களைக் கையில் எடுத்துப் பார்க்கவும் அனுமதிக்கிறது. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பத்து ஆண்டுகளில் கற்பதை அங்கே ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம் என்பது மிகையன்று.

ஹாகி, கராட்சு ஆகிய இரண்டின் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. ஹிதேயோஷி 1592 முதல் 1598 வரை கொரியாமீது நடத்திய படையெடுப்பைக் குயவர் போர் என்றும் சொல்வதுண்டு. ஜப்பானியச் சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து தம் நாடுகளில் குடியமர்த்தினார்கள். மோரி தெருமோத்தோ 1604இல் ஹாகியில் கோட்டை அமைத்தபோது, அங்கே சூளை தொடங்கியவர்கள் அவ்வாறு வந்த கொரியச் சகோதரர் இருவர். ஹாகி மண் மென்மையானது, முழுவதும் இறுகாதது. அதன் மெருகில் மயிரிழை விரிசல்கள் நிறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் தேநீர் அந்த விரிசல்களின் வழியே ஊறி, கிண்ணத்தின் நிறத்தை மெல்ல மாற்றுவதை ‘ஹாகியின் ஏழு மாற்றங்கள்’ என்பார்கள். கராட்சு, கியூஷூ தீவின் வடமேற்கில் போருக்கு முன்பே தொடங்கி, போருக்குப் பின் கொரியக் குயவர்களால் பெருகிய மரபு. நாணலையும் கொடியையும் நாலைந்து தீட்டல்களில் இரும்புக் காவியால் வரைந்து விடும் அதன் ஓவியங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

ஷினோவும், மேலே சொன்ன ஓரிபேயின் பெயரைத் தாங்கிய வகையும், கருஞ்செத்தோவும் மினோ பகுதிக்கு உரியவை. ஷினோவின் தடித்த வெண்மெருகு நார்த்தம்பழத் தோல்போல் குழிகள் நிறைந்தது. அதனடியிலிருந்து இளஞ்சிவப்பு கசியும். இவை யாவும் செத்தோ நகரத்தில் செய்யப்பட்டவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1930இல் அராக்காவா தோயோசோ என்ற குயவர் மினோவின் பழைய சூளை ஒன்றில் ஷினோ ஓடு ஒன்றைக் கண்டெடுத்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது.

நான்காம் படி: விருந்தினராக அமர்ந்து பருகுதல்

சடங்கின் விதிகள் பள்ளிக்குப் பள்ளி சிறிது வேறுபடும். ரிக்யூவின் வழித்தோன்றல்கள் நடத்தும் மூன்று பள்ளிகளுள் உராசென்கே என்பதன் முறையை இங்கே பின்பற்றுகிறேன்.

ரிக்யூ வடிவமைத்ததாகக் கருதப்படும் தாய்யான் என்ற அறை இரண்டே பாய்களின் பரப்பு உடையது. இத்தகைய அறைக்குள் நுழையும் வாயில் ஏறத்தாழ 66 செ.மீ. சதுரம், அரசனானாலும் வாளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்துதான் வர முடியும். உள்ளே காகிதச் சன்னல்களின் வழியே வடிகட்டப்பட்ட மங்கிய ஒளி மட்டுமே இருக்கும். சோஜிரோவின் கருங்கிண்ணங்கள் அந்த ஒளிக்காகவே செய்யப்பட்டவை. கடையின் மின்விளக்கில் கரிக்கட்டிபோல் தோன்றுவது, அந்த மங்கலில் தன் விளிம்பை இழந்து நிழலோடு கலந்து, நடுவில் பச்சை நுரையை மட்டும் ஏந்திக் காட்டும்.

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் முன்பே கழற்றிவிடுங்கள். இனிப்பு முதலில் வரும். தேநீர் வருமுன் அதை உண்டு முடித்துவிட வேண்டும். விருந்தளிப்பவர் கிண்ணத்தின் முகப்பை உங்களை நோக்கித் திருப்பி வைப்பார். அதை வலக்கையால் எடுத்து உங்கள் பாயின் எல்லைக்குள் வைத்து, அடுத்திருப்பவரிடம் ‘ஓசாக்கினி’ என்று கூறி, அவருக்கு முன்னதாகப் பருகுவதற்குப் பொறுத்தருளக் கேளுங்கள். பிறகு விருந்தளிப்பவரை வணங்குங்கள். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலக்கையால் பக்கவாட்டில் அணைத்து, நன்றியாகச் சிறிது உயர்த்தித் தலை தாழ்த்துங்கள். அடுத்து வலக்கையால் கடிகார முள் செல்லும் திசையில் இருமுறை சிறிது சிறிதாகத் திருப்புங்கள். முகப்பில் வாய் வைக்காமல் ஒதுங்கிக்கொள்வது கிண்ணத்துக்குச் செய்யும் மரியாதை; அதற்காகவே இந்தத் திருப்பல். மூன்றரை மிடறுகளில் பருகி, கடைசி மிடற்றை மட்டும் ஓசை எழ உறிஞ்சி முடிக்க வேண்டும். நம் வீடுகளில் அதட்டு வாங்கித் தரும் அந்த ஓசை, அங்கே முழுவதும் பருகிவிட்டேன் என்ற அறிவிப்பு.

பருகிய இடத்தை விரல்களால் துடைத்து, விரல்களை மடியிலுள்ள காகிதத்தில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை எதிர்த்திசையில் இருமுறை திருப்பி முகப்பைப் பழையபடி உங்கள் பக்கம் கொண்டுவந்து கீழே வையுங்கள். இப்போதுதான் மேலே சொன்ன வரிசையில் பார்க்கும் நேரம். கையில் எடுக்கும்போது இரு முழங்கைகளையும் தொடைகளின்மீது ஊன்றிக்கொண்டு, பாய்க்கு மேல் மிகச் சிறிய உயரத்திலேயே ஏந்திப் பாருங்கள். கை நழுவினாலும் கிண்ணம் பிழைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது முகப்பு விருந்தளிப்பவரை நோக்கி இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டில் கடைதல்

இதற்குத் தேவையானவை கிண்ணம், மூங்கில் கடைகோல், மூங்கில் கரண்டி, சலிப்பதற்குச் சிறு வலை, ஒரு பருத்தித் துணி ஆகியவைதாம். ஒற்றை மூங்கில் துண்டின் முனையை மயிரிழைகளாகப் பிளந்து செய்யப்படும் கடைகோலுக்குப் பெயர்பெற்றது நாரா மாநிலத்துத் தாகாயாமா. தேயிலைத்தூள் சர்க்கரையோ பாலோ கலவாததாக இருக்க வேண்டும். பறிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே செடிகளை நிழலிட்டு வளர்த்து, இலையை ஆவியில் அவித்து, உருட்டாமல் உலர்த்தி, நரம்பு நீக்கி அரைத்தது அது. கல் திரிகையில் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம்தான் அரைக்க முடியும் என்பதால் நல்ல தூள் மலிவாகக் கிடைக்காது.

கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, கடைகோலின் இழைகளை அதில் நனைத்து இளகவிடுங்கள். இதனால் கிண்ணமும் சூடேறும். நீரைக் கொட்டித் துணியால் உட்புறத்தை நன்றாகத் துடையுங்கள். ஈரம் எஞ்சினால் தூள் கட்டிபடும். சலித்த தூள் இரண்டு கரண்டி, அதாவது ஏறத்தாழ 2 கிராம் இட்டு, கொதித்து ஆறி 80 டிகிரி அளவுக்கு வந்த நீர் 70 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். நம் மத்துபோல் இதைச் சுழற்றக் கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னுமாக விரைவாக ஓட்ட வேண்டும். இழைமுனை அடியைச் சுரண்டாமல் சற்று உயரத்தில் செல்லட்டும். நுரை எழுந்ததும் வேகத்தைக் குறைத்து மேற்பரப்பின் பெருங்குமிழிகளை உடைத்து, நடுவில் மெல்ல ஒரு வளையம் இழைத்துக் கடைகோலை வெளியே எடுங்கள். உராசென்கே பள்ளியினர் பரப்பு முழுவதும் நுரை படர விடுகிறார்கள்; ஓமோத்தேசென்கே பள்ளியினர் நுரையற்ற பிறைவடிவப் பகுதி ஒன்றை மிச்சம் வைக்கிறார்கள்.

இது மென்தேநீர். ஒருவருக்கு ஏறத்தாழ 4 கிராம் வீதம் இட்டுக் கூழ்போல் பிசைந்து, ஒரே கிண்ணத்தை விருந்தினர் கைமாற்றிப் பருகும் அடர்தேநீர்தான் சடங்கின் உச்சம். ஓவியமற்ற ராகுவும் ஈதோவும் ஹாகியும் அதற்கு உரியவை; வண்ண ஓவியம் தீட்டிய கியோத்தோக் கிண்ணங்கள் மென்தேநீருக்கு வரும். கோடையில் வெப்பம் விரைவில் ஆற வாயகன்ற தட்டைக் கிண்ணத்தையும், கடுங்குளிரில் உருளை வடிவக் கிண்ணத்தையும் எடுப்பார்கள்.

ஆறாம் படி: வாங்குதல்

முதல் கிண்ணத்துக்கு 12 செ.மீ. விட்டமும் 7 அல்லது 8 செ.மீ. உயரமும் போதும். ஒரு கையால் பாதவளையத்தோடு சேர்த்து ஏந்திப் பாருங்கள். வெந்நீர் ஊற்றிப் பார்க்கக் கடைக்காரர் இசைந்தால் இன்னும் நல்லது: பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுவது சுவர் மெலிந்த கிண்ணம், சூடே தெரியாதது தடித்தது. பயிற்சிக்கு ஆலையில் செய்த கிண்ணம் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. விலையுயர்ந்த கிண்ணத்தைப் பயந்துகொண்டே பிடிப்பதைவிட, எளிய கிண்ணத்தில் நாள்தோறும் கடைவதால் கை விரைவில் பழகும்.

பானையைத் தட்டி ஓசை கேட்டு வாங்கும் நம் வழக்கம் இங்கே தவறாக வழிகாட்டும். ராகுவும் ஹாகியும் இறுக்கமின்றிச் சுடப்பட்டவை என்பதால் மந்தமாகவே ஒலிக்கும். அது விரிசலின் அடையாளமன்று. தவிரவும், பிறர் கிண்ணத்தைத் தட்டுவது பெரும் மரியாதைக்குறைவு.

ராகு என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் பெரும்பாலான கலங்கள் கியோத்தோ மரபோடு தொடர்பில்லாதவை என்பதையும் சொல்லியாக வேண்டும். கனலும் கலத்தை எடுத்து மரத்தூளிலோ காகிதத்திலோ புதைத்துப் புகையூட்டும் முறை 1960களில் அமெரிக்கக் குயவர்களிடம் பரவியது. அக்கலங்கள் அழகாக இருக்கலாம். பெரும்பாலும் நீர் கசியும், உணவுக்கும் பாதுகாப்பானவை அல்ல. பருகுவதற்கான கிண்ணமா என்று விற்பவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

ஏழாம் படி: பழக்குதலும் பேணுதலும்

ஹாகி, கராட்சு போன்ற நீர் உறிஞ்சும் கிண்ணத்தைப் புதிதாக வாங்கினால், அரிசி கழுவிய நீரில் மூழ்கவைத்துச் சிறு தீயில் சூடாக்கி, அந்த நீரிலேயே ஆறவிடுவது வழக்கம். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும். புதுச் சட்டியைக் கழுநீர் ஊற்றிப் பழக்கிய வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராகு கிண்ணத்தைக் கொதிக்கவைக்கக் கூடாது. எக்கிண்ணமானாலும் பயன்படுத்துமுன் சிறிது நேரம் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டால், மண் முதலில் தெளிந்த நீரைக் குடித்து நிறைந்துவிடும். தேநீர்க் கறை திட்டுத்திட்டாகப் படியாது.

முடிந்ததும் சோப்பு இன்றி வெந்நீரிலேயே கையால் கழுவுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் பாத்திரம் கழுவும் எந்திரமும் கூடவே கூடாது. துடைத்தபின் காய்ந்ததுபோல் தோன்றினாலும் பாதவளையத்தின் உட்புறத்தில் ஈரம் தங்கியிருக்கும். கவிழ்த்தோ சாய்த்தோ நிழலில் சில நாள் உலர்த்திய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் பூஞ்சைக் கறையும் நாற்றமும் உறுதி.

கிண்ணம் உடைந்தால் ஓடுகளை ஒன்றுவிடாமல் சேகரியுங்கள்; அவற்றைப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். ‘கின்ட்சுகி’ என்ற முறையில், உருஷி மரத்தின் பாலைக் கோதுமை மாவோடு குழைத்து ஓடுகளை ஒட்டி, பள்ளங்களை உருஷியும் கல்மண் தூளும் கலந்த விழுதால் நிரப்பித் தேய்த்து, மேலே மீண்டும் உருஷி தீட்டி, அது ஈரமாக இருக்கும்போதே பொன்தூளைத் தூவுகிறார்கள். உருஷி காய்ந்து இறுகுவதற்கு உலர்ந்த காற்று உதவாது. ஈரப்பதமும் மிதமான வெப்பமும் வேண்டும் என்பதால் வேலை முடிய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். பச்சை உருஷி தோலில் பட்டால் கடுமையான தடிப்பை உண்டாக்கும். கடைகளில் விற்கும் விரைவு உபகரணப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது செயற்கைப் பசை. அவ்வாறு ஒட்டிய கிண்ணத்தை அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள்.

பொன்னுக்கு முன்பே இரும்பு இருந்தது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘பாகோஹான்’ என்ற இளம்பச்சைச் சீனக் கிண்ணம், படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது விரிசல் கண்டது. அதைப் போன்ற வேறொன்று வேண்டுமென்று சீனாவுக்கு அனுப்பினார்கள். அதற்கு நிகரானது இனி இல்லை என்ற பதிலோடு, இரும்புப் பட்டைகளால் தைக்கப்பட்டு அதே கிண்ணம் திரும்பி வந்தது என்பது மரபுவழிச் செய்தி. வெட்டுக்கிளிகள் வந்து அமர்ந்ததுபோல் தோன்றும் அப்பட்டைகளே அதன் பெயருக்கும் காரணம்.

நல்ல கிண்ணத்துக்கு மரப்பெட்டி உண்டு. செய்தவரே மூடியில் எழுதிக் கையொப்பமிட்ட பெட்டியும், பின்வந்த தேநீர் ஆசான் ஒருவர் கிண்ணத்துக்குப் பெயர் சூட்டி எழுதிவைத்த பெட்டியும் கிண்ணத்தின் வரலாற்றுச் சான்றுகள். பெட்டியைத் தனியே பிரித்து எறிந்துவிட்டால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். கிண்ணத்தைத் துணியில் பொதிந்து வைத்து, மூடியின் எழுத்து நேராக இருக்குமாறு மூடி, நாடாவைக் கட்டுங்கள். பழைய தேநீர்க் கலங்களைப் பொதிந்த துணிகளும் தனியே போற்றப்படுகின்றன. அவற்றுள் ‘சரசா’ எனப்படும் இந்திய வண்ண அச்சுத்துணிகள் டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து சென்றவை. அதே கடல்வழியில் ஜப்பான் சேர்ந்த கோடுபோட்ட பருத்தித் துணி ஒன்றை அங்கே ‘சாந்தோமே’ என்று அழைத்தார்கள். அது மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர்.